முள்ளை முள்ளால் எடுக்க முடியாத போர்



ஒரு கேள்வியோடு ஆரம்பிப்போம். அரக்கர் படை ஒன்று நாடு நாடாக அழித்துக்கொண்டு வருகிறது. நம்ம பக்கம் ஆளும் குறைவு, ஆயுதமும் குறைவு. ஆனால் நம்ம கையில் ஒரு மோதிரம் இருக்கு. அந்த அரக்கர் தலைவனே தன் சக்தியில் பெரும் பங்கை அதற்குள் போட்டுச் செய்த மோதிரம். வலிமை உள்ளவர் அதைப் போட்டுக்கொண்டால் அவனையே வீழ்த்தலாம். நீங்கள் போட்டுக்கொள்வீர்களா, மாட்டீர்களா?

"இதென்ன கேள்வி? முள்ளை முள்ளால்தானே எடுக்கணும்!" என்று நிறையப் பேர் சொல்லுவீங்க. ஆனால் சுமார் ஆயிரம் பக்கம் உள்ள ஒரு கதை "கூடாது" என்று பதில் சொல்கிறது. அந்தப் பதிலில்தான் இன்றைய பாடம் இருக்கு.

கதையின் பெயர் 'தி லார்டு ஆஃப் த ரிங்ஸ்'. எழுதியவர் இங்கிலாந்தின் ஜே. ஆர். ஆர். டோல்கீன். 2001, 2002, 2003 ஆகிய மூன்று ஆண்டுகளில் மூன்று சினிமாவாக வந்தது. மூன்றாவது படம் 2004-இல் 11 ஆஸ்கர் விருது வாங்கியது. படம் பார்த்தவங்களும் இதைப் படிக்கலாம், பார்க்காதவங்களும் படிக்கலாம். ஒரே ஓர் எச்சரிக்கை: முடிவைச் சொல்லாமல் இந்தப் பாடத்தை எழுத முடியாது!

1. எழுதியவர் யார்?

டோல்கீன் 1892-இல் தென்னாப்பிரிக்காவில் பிறந்தார். நாலு வயதில் அப்பாவை இழந்தார், பன்னிரண்டு வயதில் அம்மாவை இழந்தார். பர்மிங்காம் நகரில் பள்ளியில் படித்தபோது அவரும் நண்பர்களும் சேர்ந்து ஒரு சின்னக் கழகம் நடத்தினார்கள். டீ குடிப்பது, கவிதை வாசிப்பது, உலகத்தையே மாற்றப் போவதாகப் பேசுவது! அதில் மிக நெருக்கமானவர்கள் நாலு பேர்.

1914-இல் முதல் உலகப் போர் வந்தது. 1916-இல் பிரான்சில் நடந்த சோம் போரில் டோல்கீன் தகவல் தொடர்பு அதிகாரியாக இருந்தார். அந்தப் போரின் முதல் நாளான ஜூலை 1 அன்றே நால்வரில் ஒருவரான ராப் கில்சன் இறந்தார். டிசம்பரில் ஜெஃப்ரி ஸ்மித் இறந்தார். டோல்கீன் பேன் மூலம் பரவும் 'பதுங்குகுழிக் காய்ச்சல்' வந்து நவம்பரில் ஊர் திரும்பியதால் பிழைத்தார்.

பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கில மொழிப் பேராசிரியர் ஆனார். ஒரு நாள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது யாரோ ஒரு மாணவர் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தார். அந்த வெற்றுப் பக்கத்தில் ஹாபிட் என்ற குள்ள மனிதரைப் பற்றி ஒரு வரி எழுதினார். அந்த ஒரு வரிதான் 1937-இல் 'தி ஹாபிட்' என்ற சிறுவர் புத்தகமாக வந்தது. (அதற்காக நாமும் விடைத்தாளை வெறுமையாக விடலாம் என்று அர்த்தம் இல்லை!)

2. ஒரு கதை, மூன்று புத்தகம்

'ஹாபிட்' நன்றாக விற்றது. "அடுத்தது எழுதுங்க" என்றது பதிப்பகம். 1937 டிசம்பரில் தொடங்கிய கதை 1949-இல்தான் முடிந்தது. பன்னிரண்டு வருஷம்!

டோல்கீன் எழுதியது ஒரே கதை. ஆனால் உலகப் போருக்குப் பிறகு தாள் விலை ஏறியிருந்த காலம் அது. இவ்வளவு பெரிய புத்தகத்தை ஒன்றாகப் போட்டால் பெரும் நஷ்டம் வரலாம் என்று பயந்து பதிப்பகம் அதை மூன்றாகப் பிரித்தது. முதல் இரண்டு பாகம் 1954-இல் வந்தன, மூன்றாவது 1955 அக்டோபரில் வந்தது.

★ தெரியுமா உங்களுக்கு? ★
'ஹாபிட்' கையெழுத்துப் பிரதியை முதலில் படித்து "நல்லா இருக்கு" என்று அறிக்கை எழுதியது பதிப்பாளரின் மகன் ரேனர் அன்வின். அப்போது வயது பத்து! கூலி ஒரு ஷில்லிங். பெரியவரான பிறகு அதே ரேனர்தான் மூன்று பாகக் கதையையும் வெளியிட வேண்டும் என்று நின்றார். ஆயிரம் பவுண்டு நஷ்டம் வரலாம் என்று அப்பாவுக்கு எழுதினார். "இது மேதையின் படைப்பு என்று நீ நம்பினால், ஆயிரம் பவுண்டு போனாலும் பரவாயில்லை" என்ற கருத்தில் அப்பாவிடமிருந்து பதில் வந்தது.

3. அரக்கர் பக்கம் யார் யார்?

சௌரோன் – படைத்தலைவன். மனிதன் அல்ல, கெட்டுப்போன ஓர் ஆவி. மோர்டோர் என்ற கருகிய நாட்டில் இருக்கிறான். அந்த ஒற்றை மோதிரத்தைச் செய்தவன் இவனே.
நாஸ்கூல் – ஒன்பது கறுப்பு வீரர்கள். ஒரு காலத்தில் மனிதர்கள். சௌரோன் கொடுத்த மோதிரங்களை ஆசைப்பட்டு வாங்கி நிழலாகிப் போனவர்கள்.
பால்ரோக் – மோரியா சுரங்கத்தின் அடியில் ஒளிந்திருந்த நெருப்பு அரக்கன். கேண்டால்ஃப் என்ற முதிய மந்திரவாதி பாலத்தில் வழிமறித்து நின்றது இவனைத்தான்.
ஓர்க் – ஆயிரக்கணக்கான அரக்கச் சிப்பாய்கள்.

எதிர்த்து நிற்பவர்கள் முதலில் ஒன்பதே பேர். நாலு ஹாபிட், இரண்டு மனிதர், ஒரு எல்ஃப், ஒரு குள்ளர், ஒரு மந்திரவாதி. ஒன்பது நாஸ்கூலுக்கு ஒன்பது பேர் என்று கணக்கு. மோதிரத்தைச் சுமப்பவன் ஃப்ரோடோ என்ற ஹாபிட். நம்ம இடுப்பு உயரம்தான் இருப்பான். அவனோடு சாம் என்ற தோட்டக்காரன் போகிறான். மோதிரம் உருவான எரிமலையிலேயே அதைப் போட்டு அழிக்க வேண்டும். அந்த எரிமலை இருப்பது எதிரி நாட்டின் நடுவில்!

4. ஏன் அந்த மோதிரத்தையே பயன்படுத்தக் கூடாது?

நாம் முதலில் கேட்ட கேள்வியைக் கதைக்குள் ஒருத்தர் கேட்கிறார். அவர் பெயர் போரோமிர். அவர் கெட்டவர் அல்ல. அரக்கர் படையை முதலில் தாங்கி நிற்கும் கோண்டோர் நாட்டுத் தளபதி. தினம் தன் வீரர்கள் சாவதைப் பார்த்தவர். "ஆயுதம் கையில் இருக்கும்போது அதை அழிக்கப் போவது பைத்தியக்காரத்தனம் இல்லையா?" என்பதுதான் அவர் வாதம். நியாயமாகத்தானே தெரிகிறது?

சிக்கல் எங்கே என்றால், அந்த மோதிரம் வெறும் ஆயுதம் அல்ல. அதற்குள் இருப்பது சௌரோனின் மனசு. அடுத்தவரை அடக்கி ஆள வேண்டும் என்ற மனசு. நல்லவர் போட்டுக்கொண்டால் முதலில் நல்லதுக்குத்தான் பயன்படுத்துவார். "நான் சொல்வதைக் கேட்டால் எல்லோரும் நன்றாக இருப்பார்கள்" என்பார். கொஞ்ச நாளில் "கேட்டே ஆக வேண்டும்" என்பார். கடைசியில் பழைய சௌரோன் போய்ப் புதுச் சௌரோன் வந்திருப்பார். போர் முடிந்திருக்கும், அரக்கன் மட்டும் அப்படியே இருப்பான்.

அதனால்தான் பலம் உள்ளவர்கள் எல்லோரும் மோதிரத்தைக் கண்டு பயப்படுகிறார்கள். கேண்டால்ஃப் வேண்டாம் என்கிறார். எல்ஃப் அரசி கலாட்ரியல் ஆசைப்பட்டும் தன்னை அடக்கிக்கொள்கிறாள். போரோமிரின் தம்பி ஃபராமிர் கையில் மோதிரம் தானாக வந்து சேர்ந்தும் தொடவில்லை. போரோமிர் மட்டும் தடுமாறி ஃப்ரோடோவிடமிருந்து பிடுங்கப் பார்க்கிறார். உடனே மனம் வருந்துகிறார். மற்ற இரண்டு ஹாபிட்களைக் காப்பாற்றப் போராடி உயிரை விடுகிறார்.

சௌரோனுக்கும் ஒரு குறை இருக்கு. மோதிரம் கிடைத்தவர் அதைப் பயன்படுத்துவார் என்றுதான் அவன் நினைக்கிறான். அதை அழிக்க ஒருத்தர் வருவார் என்பது அவன் புத்திக்கு எட்டவே இல்லை. தன்னைப் போலத்தான் எல்லோரும் என்று நினைப்பவனுக்கு அதுவே குருட்டுப் புள்ளி ஆகிவிடுகிறது.

5. ஒரே நேரத்தில் இரண்டு பயணம்

கதைக்குள் ஒரு நாட்காட்டி உண்டு. முக்கியமான நாட்கள் மட்டும் கீழே. (ஆண்டு கதையில் வரும் ஆண்டு)

செப்டம்பர் 23, 3018 – ஃப்ரோடோ வீட்டை விட்டுக் கிளம்புகிறான்
டிசம்பர் 25 – ஒன்பது பேரும் ஒன்றாகப் புறப்படுகிறார்கள்
ஜனவரி 15, 3019 – பாலத்தில் கேண்டால்ஃப், பால்ரோக் மோதல்
பிப்ரவரி 26 – போரோமிர் மரணம், குழு பிரிகிறது
மார்ச் 15 – கோண்டோர் தலைநகர் முன் பெரும் போர்
மார்ச் 25 – மோதிரம் அழிகிறது

மார்ச் 15 போரில் நம்ம பக்கம் ஜெயித்துவிடுகிறது. ஆனால் சௌரோனிடம் இன்னும் பெரிய படை இருக்கு. அப்போது கோண்டோரின் அரசனாகப் போகும் அரகோர்ன் ஒரு முடிவு எடுக்கிறார். சுமார் 7,000 பேரைக் கூட்டிக்கொண்டு நேரே எதிரியின் வாசலுக்கே போகிறார். அங்கே காத்திருந்த படை பத்து மடங்குக்கும் மேலே!

ஜெயிக்கவா போனார்? இல்லை. எதிரியின் பார்வை முழுக்கத் தன் மேலே இருக்கட்டும் என்று போனார். அந்தச் சந்தடியில் இரண்டு ஹாபிட் கண்ணில் படாமல் எரிமலைக்குப் போய்விடலாம் அல்லவா? பெரிய வீரர்கள் எல்லோரும் தூண்டில் புழுவாக நிற்கிறார்கள், உண்மையான வேலையைச் செய்வது பசியோடும் தாகத்தோடும் ஊர்ந்து போகும் இரண்டு குள்ளர்கள்.

6. கடைசி நிமிடத்தில் தோற்கிறான் நாயகன்

இங்கேதான் நிறையப் பேர் கவனிக்காத இடம் வருகிறது. ஃப்ரோடோ எரிமலைக்குள் போய்விட்டான். கீழே நெருப்பு. கையைத் திறந்தால் போதும். அவன் திறக்கவில்லை! "இது என்னுடையது" என்று மோதிரத்தை விரலில் மாட்டிக்கொள்கிறான்.

ஆமாம், கதாநாயகன் தோற்றுவிட்டான். இது என் ஊகம் அல்ல. டோல்கீனே பின்னால் வாசகர்களுக்கு எழுதிய கடிதங்களில் ஃப்ரோடோ தோற்றான் என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் அது ஒழுக்கத் தோல்வி அல்ல என்கிறார். அந்த இடத்தில், அவ்வளவு களைப்புக்குப் பிறகு, யாராலும் அந்த மோதிரத்தை மனதார எறிந்திருக்க முடியாது என்பது அவர் விளக்கம்.

அப்படியென்றால் மோதிரம் எப்படி அழிந்தது? பின்னாலேயே வந்த கோல்லம் என்ற பிராணி ஃப்ரோடோவின் மேல் பாய்ந்து விரலோடு மோதிரத்தைக் கடித்து எடுக்கிறது. சந்தோஷத்தில் குதித்துக் கால் தவறி நெருப்பில் விழுகிறது. மோதிரமும் போகிறது, சௌரோனும் போகிறான்.

(சினிமாவில் ஃப்ரோடோ கோல்லத்தோடு கட்டிப் புரள்வதாகக் காட்டுவார்கள். புத்தகத்தில் அப்படி இல்லை. தானாகவே தவறி விழுகிறது.)

"அட, இது வெறும் அதிர்ஷ்டம்தானே?" என்று கேட்கலாம். அங்கேதான் பாடமே இருக்கு.

7. அந்தப் பிராணி ஏன் உயிரோடு இருந்தது?

கோல்லமும் ஒரு காலத்தில் ஹாபிட் இனத்தவன்தான். பழைய பெயர் ஸ்மீகோல். மோதிரத்துக்காக நண்பனையே கொன்றவன். கிட்டத்தட்ட 500 வருஷம் அதை வைத்திருந்து மெலிந்து, இருட்டில் வாழ்ந்து, ஒரு பிராணி மாதிரி ஆகிவிட்டான். அவனைக் கொல்ல வாய்ப்பு வந்தது ஒரு முறை அல்ல. எண்ணிப் பாருங்கள்:

முதல் முறை – 'ஹாபிட்' கதையில் ஃப்ரோடோவின் பெரியவர் பில்போ மோதிரத்தைப் போட்டுக் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிறார். கையில் வாள். வழியை மறித்துக் கோல்லம். ஒரே வெட்டு போதும். பில்போ இரக்கப்பட்டு, வெட்டாமல் தாண்டிக் குதித்து ஓடுகிறார்.
இரண்டாம் முறை – மலைப்பாறைகளில் பின்தொடர்ந்து வந்தவனை ஃப்ரோடோவும் சாமும் பிடிக்கிறார்கள். "பில்போ அவனை அன்றைக்கே கொன்றிருக்கலாமே" என்று முன்பு ஃப்ரோடோவே சொன்னவன். நேரில் அவன் கோலத்தைப் பார்த்ததும் இரக்கம் வருகிறது. கொல்லவில்லை.
மூன்றாம் முறை – தடைசெய்த குளத்தில் மீன் பிடிக்கும் கோல்லத்தை ஃபராமிரின் வில்லாளிகள் குறி வைக்கிறார்கள். ஃப்ரோடோ கெஞ்சிக் காப்பாற்றுகிறான்.
நான்காம் முறை – எரிமலைச் சரிவில் சாம் வாளை ஓங்கிவிட்டான். சாமுக்குக் கோல்லத்தை ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. ஆனால் அவனும் கொஞ்ச நேரம் மோதிரத்தைச் சுமந்தவன். அதன் பாரம் தெரியும். வாள் இறங்கவில்லை.

இந்த நாலில் ஒன்று தவறியிருந்தாலும் எரிமலைக்குள் கோல்லம் இருந்திருக்க மாட்டான். மோதிரம் ஃப்ரோடோ விரலிலேயே இருந்திருக்கும். சௌரோன் ஜெயித்திருப்பான். போரை முடித்தது வாள் அல்ல, நாலு முறை இறங்காமல் நின்ற வாள்!

8. திருத்தி எழுதின அத்தியாயம்

இதைத் தற்செயலாக எழுதிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். 1937-இல் வந்த முதல் 'ஹாபிட்' புத்தகத்தில் அந்த இரக்கக் காட்சியே கிடையாது! அதில் கோல்லம் விடுகதைப் போட்டியில் தோற்று, மோதிரத்தைப் பரிசாகத் தர நினைத்துத் தேடுகிறான். கிடைக்காததால் மன்னிப்புக் கேட்டு, வழி காட்டி, மரியாதையாக அனுப்பிவைக்கிறான்.

பெரிய கதையை எழுத எழுத இது பொருந்தவில்லை. இவ்வளவு கொடிய மோதிரத்தை யாராவது பரிசாகத் தருவார்களா? அதனால் டோல்கீன் அந்த அத்தியாயத்தை மாற்றி எழுதி 1947-இல் பதிப்பகத்துக்கு மாதிரியாக அனுப்பினார். 1951-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதையே அச்சிட்டுவிட்டார்கள். அப்படியானால் பழைய புத்தகத்தில் இருந்தது? அது மோதிரத்தின் பாதிப்பில் பில்போ சொன்ன பொய் என்று கதையிலேயே சேர்த்துவிட்டார்! வெளிவந்து பதினாலு வருஷம் ஆன புத்தகத்திலேயே இரக்கத்துக்கு இடம் கொடுத்தார் என்றால், முடிவு அதன் மேல்தான் நிற்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

9. இரக்கம் என்றால் ஏமாளித்தனமா?

இப்படி ஒரு மறுப்பும் வரும். "அந்தக் கோல்லம்தானே பின்னால் ஷீலோப் என்ற பெரிய சிலந்தியிடம் கொண்டுபோய் மாட்டிவிட்டான்? அவனை விட்டது தப்பில்லையா?"

நல்ல கேள்விதான். ஃப்ரோடோ அவனைக் கண்மூடித்தனமாக நம்பவில்லை. சத்தியம் வாங்குகிறான், எச்சரிக்கிறான், காவல் வைக்கிறான். ஆனால் மனிதனாக நடத்துகிறான். எல்லோரும் மறந்துபோன 'ஸ்மீகோல்' என்ற பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். அதில் கோல்லம் கொஞ்சம் கொஞ்சமாக மாற ஆரம்பிக்கிறான்.

பிறகு ஒரு இரவு. படிக்கட்டில் ஃப்ரோடோவும் சாமும் களைத்துத் தூங்குகிறார்கள். காட்டிக்கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டுத் திரும்பி வந்த கோல்லம் அவர்களைப் பார்த்துக்கொண்டே நிற்கிறான். மெல்லக் கை நீட்டி ஃப்ரோடோவின் முழங்காலைத் தொடுகிறான். அந்த நேரத்தில் அவன் களைத்துப்போன ஒரு கிழவன், அவ்வளவுதான். சாம் விழிக்கிறான். "திருட்டுத்தனமா என்ன பண்றே?" என்ற மாதிரி அதட்டுகிறான். கோல்லத்தின் கண் மறுபடி மாறிவிடுகிறது. அந்த நிமிடம் போனது போனதுதான்.

தம் கதையிலேயே மிகவும் துயரமான இடம் இதுவாக இருக்கலாம் என்று டோல்கீன் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். பால்ரோக் வந்த இடம் அல்ல, போர்க்களம் அல்ல. ஒருத்தன் திருந்தப் போன நேரத்தில் சொன்ன ஒரு கடுஞ்சொல்! சாம் கெட்டவனா? இல்லவே இல்லை. கதையிலேயே மிக நல்லவன் அவன்தான். நல்லவர் வாயிலிருந்தும் அந்தச் சொல் வரும் என்பதுதான் பயம்.

நம்ம பள்ளியிலும் "இவன் தேறவே மாட்டான்", "அவள் எப்பவும் அப்படித்தான்" என்று சிலரைப் பற்றி முடிவு கட்டி வைத்திருக்கிறோம். அவர்கள் ஒரு நாள் மாற நினைத்து நோட்டைத் திறக்கும்போது, "என்னடா இது, புதுசா இருக்கு!" என்று கேலி செய்கிறோம். அந்த நாள் அதோடு முடிந்துவிடும். அரக்கர் படை வந்தால் நாம் வாள் எடுப்போமோ மாட்டோமோ, அது வேறு விஷயம். இந்தச் சொல்லை அடக்குவது இன்றைக்கே நம்ம கையில் இருக்கு.

10. ஜெயித்த பிறகு

ஃப்ரோடோ ஊர் திரும்புகிறான். ஆனால் பழைய ஃப்ரோடோ இல்லை. கத்திக் காயம் பட்ட அக்டோபர் 6 வந்தால் ஆண்டுதோறும் வலிக்கிறது. ஊரைக் கெடுத்த சருமான், ஃப்ரோடோவையே கத்தியால் குத்தப் பார்க்கிறான். அவனையும் கொல்லக் கூடாது என்று தடுக்கிறான். இரண்டு வருஷத்தில் கப்பல் ஏறிப் போய்விடுகிறான். ஊர் காப்பாற்றப்பட்டது, காப்பாற்றியவனால் அதில் நிம்மதியாக வாழ முடியவில்லை. நண்பர்களைப் போரில் இழந்து, நோயோடு திரும்பிய ஒருவர் எழுதிய கதை இது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். சாம் என்ற பாத்திரத்தை, 1914 போரில் தாம் பழகிய சாதாரணச் சிப்பாய்களை நினைத்துப் படைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அவர்கள் தம்மைவிட எவ்வளவோ உயர்ந்தவர்கள் என்றும் சொன்னார்.

முள்ளை முள்ளால் எடுக்கலாம், காலில் தைத்த முள்ளாக இருந்தால். மனசில் தைப்பதை அப்படி எடுக்கப் போனால் இரண்டு முள்ளும் உள்ளேயே தங்கிவிடும்.

சிந்திக்கச் சில கேள்விகள்

1. போரோமிர் வில்லனா, வீரரா? காரணம் கூறுக.
2. "இனி என்னைத் தொட்டால் நெருப்பில் விழுவாய்" என்ற கருத்தில் ஃப்ரோடோ கோல்லத்தை எச்சரித்திருந்தான். கோல்லம் விழுந்தது தற்செயலா, சத்தியத்தை மீறியதன் பலனா?
3. ஃப்ரோடோ, சாம், அரகோர்ன், கோல்லம் – மோதிரம் அழிந்ததில் யாருக்கு எவ்வளவு பங்கு?
4. படிக்கட்டில் சாம் தூங்கிக்கொண்டே இருந்திருந்தால் கதை எப்படிப் போயிருக்கும்? பத்து வரியில் எழுதிப் பாருங்கள். நன்றாக இருந்தால் அடுத்த இதழில் இதே பலகையில் ஒட்டுவோம்!